கல்லாவுக்குப் பின்னால் இருந்த அலமாரி

வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, வாரவாரியாக அடுக்கி, தைத்து, அட்டை போட்டு வாடகைக்கு விடுவது ஒரு காலத்தில் ஒரு குடும்பம் பிழைக்கக்கூடிய தொழிலாக இருந்தது. மாயூரம் மகாதானத் தெருப் பக்கம் என் அப்பா அதைத்தான் செய்தார். சென்னையில் 1955-ல் பழனி என்பவர் தொடங்கிய ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி மாதிரி பெரிய இடமில்லை எங்களுடையது. ஒரு குறுகலான அறை, மூன்று பக்கமும் பலகை அலமாரி, வாசலை ஒட்டி ஒரு மேசை, அதில் கல்லாப் பெட்டி. மைதாவைக் காய்ச்சிப் பசை எடுத்து, அதில் மயில்துத்தம் கலப்பார் அப்பா. அது இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சி ஒரே மழைக்காலத்தில் கதையைத் தின்றுவிடும்.

அரசாங்க நூலகம் ஊரில் இருந்தது. 1948-லேயே சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டுவிட்டது. ஆனால் அங்கே ஆண்கள் நாளிதழை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தெருப் பெண்கள் யாரும் அந்தப் படியில் ஏறிப் பார்த்ததில்லை. அவர்களுக்குப் புத்தகம் போனது எங்கள் கடையிலிருந்து, சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிய பையில். நேரில் வருகிறவர்கள் கோயிலுக்குப் போகும் வழியில் வருவார்கள். நான் பள்ளிக்கூட வயதிலிருந்தே நோட்டில் வரவு எழுதினேன். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் கடையை நானே நடத்தினேன், வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்து சந்தா ஒவ்வொன்றாக நின்றுபோகும் வரைக்கும்.

குடும்பத்துக்குள் பேசக்கூடாத விஷயங்களைக் கதையில் எழுதலாமா என்ற சண்டையைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதெல்லாம் எழுதியவர்களின் முன்னுரைகளிலிருந்தும் எதிர்த்தவர்களின் கண்டனங்களிலிருந்தும் திரட்டியது. வாசித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. நான் கேட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு பழைய பாத்தியதை உண்டு. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879-ல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். முன்சீப் கோர்ட்டு என்றால் பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், தத்து, சொத்துத் தகராறு. குடும்பங்கள் திண்ணையில் சொல்லாததைக் கூண்டில் ஏறிச் சொல்லும் இடம். அத்தனையும் காதில் வாங்கிய மனிதர் நாவல் எழுத உட்கார்ந்தபோது நீதியும் நகைச்சுவையும் கிளைக்கதைகளுமாக எழுதினார். பெண்கள் படிக்கவேண்டும் என்று விடாமல் சொன்னார். கூண்டில் கேட்டதைக் கதைக்குள் அப்படியே கொண்டுவரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நீதிபதியாக அறிந்த ரகசியம் அவருடையதல்ல என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்குள்ளிருந்து பேசும் குரலை முதலில் கொண்டுவந்தவர் அ. மாதவையா. பால்ய விதவையாகிவிட்ட ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வதாக ‘சாவித்திரி சரித்திரம்’ என்று 1892-ல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடங்கினார். பாதியில் நின்றுபோனது. முழுக்கதை 1903-ல்தான் ‘முத்துமீனாட்சி’ என்ற பெயரில் புத்தகமாயிற்று. புகுந்த வீட்டில் ஒரு சிறுமி படும் பாட்டை அவள் வாயாலேயே சொல்லவைத்ததுதான் அதில் பெரிய காரியம். அதன் பிறகு புதுமைப்பித்தன், கு.ப.ரா. எல்லாம் வந்தார்கள், அவர்களைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கடைக்குள் அந்தச் சண்டை நுழைந்தது 1966-ல்.

அந்த வருஷக் கடைசியில் ‘ஆனந்த விகட’னில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பெண், பெரிய காரில் ஏறச் சொல்லும் ஒருவன், பிறகு நடந்த கொடுமை. அவள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா பதறுகிறாள், அடிக்கிறாள். அப்புறம் தலையில் தண்ணீரைக் கொட்டி, உன் மேல் ஒரு கறையும் இல்லை, இதை இனி யாரிடமும் சொல்லாதே என்று முடிக்கிறாள். தமிழ்நாடு கொதித்தது. கண்டனக் கடிதங்கள் வந்தன, முடிவை மாற்றி எழுதிக் காட்டியவர்களும் உண்டு. எங்கள் சந்தாதாரர்களில் நாலு பெரிய மனிதர்கள் அப்பாவிடம் வந்து, அந்த இதழைக் கடையில் வைக்கக்கூடாது என்றார்கள்.

நான் அப்போது சின்னப்பெண். ஆனாலும் ஒன்று எனக்கு விசித்திரமாகப் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. வந்தவர்களில் ஒருவர்கூட அந்தக் காரோட்டியைத் திட்டவில்லை. கோபமெல்லாம் அம்மாவின் மேல். பெண்ணுக்கு நேர்ந்ததை மூடி மறைப்பது எந்த வீட்டிலும் நடக்காத காரியமா? காலகாலமாக நடப்பதுதான். ஆனால் மறைக்கும் வீடு அந்தப் பெண்ணை உள்ளுக்குள் தண்டித்துக்கொண்டே மறைக்கும். படிப்பை நிறுத்தும், இரண்டாந்தாரமாகத் தள்ளிவிடும், அல்லது கிணற்றடியில் நிற்கும்போது யாரும் கூப்பிடாமல் விட்டுவிடும். ஜெயகாந்தனின் அம்மா தண்டனை கொடுக்காமல் மறைத்தாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அப்பா இதழைத் தூக்கி எறியவில்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்ன அலமாரி இருந்தது, பசைக் கிண்ணமும் நூல்கண்டும் வைப்பது. அதில் வைத்தார். கேட்டால் மட்டும் கொடுப்பார். கேட்டார்கள். பெயர் சொல்லிக் கேட்கவில்லை. “பாப்பா, அந்தக் கதை இருக்காமே, பையில அடியில வச்சுக் குடு” என்பார்கள்.

அதே வருஷம் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ புத்தகமாக வந்தது. அதுவும் அந்த அலமாரிக்கே போனது. காவேரிக்கரை வேத பாடசாலையில் படித்து முடித்துவிட்டு அப்பு வீட்டுக்குத் திரும்புகிறான். அம்மா அலங்காரத்துக்கும் சிவசு என்பவருக்கும் உள்ள உறவு அவனுக்குப் புரிகிறது. தன் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் அம்மா தன்னை வேதம் படிக்க அனுப்பினாள் என்பதும் புரிகிறது. அப்புவின் அப்பாவுக்கு எல்லாம் தெரியும், பேசமாட்டார். இந்த நாவலை வக்கிரம் என்றவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன்: அதில் எட்டிப் பார்க்கும் இடம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு மகனின் கண்ணுக்கு எது தெரியுமோ, அவன் எதைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொள்வானோ, அந்த எல்லையில் ஜானகிராமன் நின்றுவிடுகிறார். அலங்காரத்தை அவர் சாகடிக்கவில்லை, கீழ்மைப்படுத்தவில்லை, நியாயப்படுத்தவுமில்லை. கடைசியில் அவள் காசிக்குப் போகிறாள். தாயைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்டவர்கள் தாயும் ஒரு மனுஷிதான் என்பதைக் கேட்கவே விரும்பாதவர்கள்.

ஆனாலும் எனக்கு ஜானகிராமனிடம் இல்லாத ஒன்று ஜெயகாந்தனிடம் கிடைத்தது. ‘அக்கினிப் பிரவேச’த்துக்கு வந்த கண்டனத்துக்குப் பதிலாக அவர் ஒரு நாவலையே எழுதினார். அந்த அம்மா அப்படித் தண்ணீர் ஊற்றாமல், ஊரைக் கூட்டி அழுதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘தினமணி கதி’ரில் தொடராக வந்து, 1970-ல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற புத்தகமாயிற்று. 1972-ல் சாகித்ய அகாதமி விருது, பிறகு பீம்சிங் எடுத்த படம், லட்சுமிக்குத் தேசிய விருது. எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. தொடரைக் கத்தரித்து அடுக்கியது நான், பைண்டு செய்தது அப்பா.

கதையில் வந்த அந்தப் பெண்ணுக்கு நாவலில் கங்கா என்று பெயர். அவளை அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அடைக்கலம் கொடுத்துப் படிக்கவைப்பவர் அம்மாவின் சொந்தக்காரரான வெங்கு மாமா. பெரிய வக்கீல், ஆசாரசீலர், நாலு பேர் மதிக்கிறவர். அவர்தான் அவளைத் தொடப் பார்க்கிறார். காரில் வந்தவன் ஒரு மழைநாளில் வந்து போய்விட்டான். இவரோ வருஷக்கணக்காக அந்த வீட்டுக்குள் வந்துபோகிறார், அம்மா காபி கலந்து கொடுக்கிறாள், கங்கா எழுந்து நின்று மரியாதை செய்யவேண்டியிருக்கிறது. நன்றிக்கடன் ஒரு கையில், அருவருப்பு ஒரு கையில். நீ யாருக்கும் மனைவியாக முடியாது, வைப்பாகத்தான் இருக்க முடியும் என்று அவளிடம் சொல்வதும் அவர்தான்.

பத்திரிகைகளில் அந்த நாவலைப் பற்றி விவாதித்தவர்கள் கங்காவும் காரில் வந்த அந்தப் பிரபுவும் பிறகு பழகுவது சரியா, ஒழுக்கமா என்று விவாதித்தார்கள். எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்ற பெண்கள் பேசியது வெங்கு மாமாவைப் பற்றி. ஒரு அம்மாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார், கல்லாவில் காசை வைத்தார், போகாமல் நின்றார். பிறகு யாரிடமோ சொல்வதுபோலத் தெருவைப் பார்த்தபடி சொன்னார்: “எங்க வீட்டுலயும் ஒரு வெங்கு மாமா இருந்தார்.” அவ்வளவுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு நாள் இன்னொருத்தி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், “அக்கா கல்யாணத்துக்கு அந்த வெங்கு மாமா வர்றாராம், நான் போகமாட்டேன்” என்றாள். அவள் மாமாவின் பெயர் வெங்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

இந்த விஷயத்தில் என் எண்ணமெல்லாம் பிறந்தது அங்கேதான். சொந்தத் தாய்மாமன் பெயரை, சித்தப்பா பெயரை, அண்ணன் பெயரை வாயால் சொன்னால் குடும்பம் உடைந்துவிடும் என்று பயந்து கிடந்தவர்களுக்கு, கதாசிரியர் ஒரு பொதுப்பெயரைக் கொடுத்துவிட்டார். அந்தப் பெயரை உச்சரித்தால் யாரையும் காட்டிக்கொடுத்ததாக ஆகாது. ஆனால் சொல்லியாகிவிட்டது, கேட்பவளுக்கும் புரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் மனநல மருத்துவரிடம் போனால் பைத்தியம் என்பார்கள். போலீசுக்குப் போவது கற்பனையிலும் இல்லை. ஒரு தொடர்கதை அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்தது.

என் தம்பி மகள் மனநல மருத்துவம் படித்தாள். இதை அவளிடம் சொன்னபோது அவள் வேறொரு சரித்திரம் சொன்னாள். 1896-ல் வியன்னாவில் சிக்மண்ட் ஃப்ராய்ட், தன்னிடம் வந்த நோயாளிகளின் துன்பத்துக்கு வேர் அவர்கள் சிறுவயதில் பெரியவர்களால் பட்ட பாலியல் கொடுமை என்று மருத்துவர்கள் முன்னால் பேசினார். மறு வருஷமே நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில், அதைத் தான் இப்போது நம்பவில்லை என்றார். அதற்குப்பின் குழந்தையின் ஆசை, கனவு என்று அவருடைய கவனம் திரும்பியது. 1932-ல் அவருடைய சீடர் ஃபெரன்ஸி மறுபடியும் பழைய இடத்துக்கு வந்தார்: கொடுமை நடப்பது உண்மை, பெரியவரின் குற்றவுணர்வைக் குழந்தை தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறது என்று சொன்னார். ஃப்ராய்டுக்கு அது பிடிக்கவில்லை.

கேட்டபோது எனக்கு நம்மூர் எழுத்துதான் ஞாபகத்துக்கு வந்தது. தாயின் ஆசை, மகனின் மனக்குழப்பம், மனைவியின் தாபம் இவற்றை நம்முடைய பெரிய எழுத்தாளர்கள் ஆழமாக எழுதினார்கள். நடுவீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரின் கையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆசையை எழுதுவதற்கும் துணிச்சல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆசையை எழுதும்போது பழி பெரும்பாலும் பெண்ணின் மேலேயே விழுகிறது. கையை எழுதினால் வீட்டுத்தலைவர்கள் பதில் சொல்லவேண்டியிருக்கும். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அது நம்பியவர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது 2012-ல். வெங்கு மாமா புத்தகமாக அச்சேறி அப்போது 42 வருஷம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் சொல்வதால் எழுதுகிறவர் எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்று நான் சொல்வதாக நினைக்கக்கூடாது. எங்கள் பக்கத்து ஊர்க் குடும்பம் ஒன்றின் கதையை ஒருவர் எழுதினார். எழுதியவர் பெயரும் பத்திரிகையின் பெயரும் இங்கே வேண்டாம். மனிதர்களின் பெயரை மாற்றிவிட்டார். ஆனால் வீட்டுக்கு முன்னால் இருந்த மரம், பின்கட்டுக் கிணறு, அந்த அப்பாவுக்கு இருந்த விரல் ஊனம் எல்லாம் அப்படியே இருந்தன. அந்த வாரம் எங்கள் கடையில் அந்த இதழுக்கு இருந்த கிராக்கி எனக்கு இன்றும் கசக்கிறது. அந்த வீட்டுக் கடைசிப் பெண்ணுக்குப் பேசியிருந்த இடம் நின்றுபோனது. அவள் எங்கள் சந்தாதாரர். அப்புறம் வரவே இல்லை. அந்தக் கதை யாருக்கும் ஒரு பெயரைக் கொடுக்கவில்லை; ஒருத்தியின் பெயரைப் பிடுங்கிக்கொண்டது. வலியை மாற்றாமல் அடையாளத்தை மட்டும் மாற்றத் தெரியாதவர் குடும்பக்கதை எழுதக்கூடாது.

ஜெயகாந்தன் இந்தக் கேள்வியையும் விட்டுவைக்கவில்லை. நாவலுக்குள்ளேயே ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் வருகிறார். ‘அக்கினிப் பிரவேச’த்தை எழுதியவர் அவர்தான். கங்கா தனக்கு நடந்ததை ஒரு பத்திரிகைக் கதையில் படிக்கிறாள். கதையில் அம்மா தண்ணீர் ஊற்றுகிறாள், நிஜத்தில் அவளுடைய அம்மா அதைச் செய்யவில்லை. தன் மேல் எய்யப்பட்ட கண்டனத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் ஜெயகாந்தன். தன் கதையே ஒருத்தியின் வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று யோசித்து, எழுத்தாளரையும் விசாரணையில் நிறுத்தினார். அந்த நேர்மைக்காகவே அவரை நான் கும்பிடுகிறேன்.

பெண்கள் எழுத வந்தபோது இந்தக் கணக்கு மாறியது. அவர்கள் தங்கள் முகவரியையே பணயம் வைத்தார்கள். 1992-ல் ‘கருக்கு’ வந்தபிறகு சில மாதங்கள் சொந்த ஊருக்குள் போகமுடியாமல் இருந்ததை பாமாவே சொல்லியிருக்கிறார். சல்மா புனைபெயருக்குள் இருந்துகொண்டுதான் எழுத ஆரம்பித்தார். 2004-ல் வந்த ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் சுவருக்கு உள்ளே இருக்கும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை அப்படியே கேட்கலாம். அந்தப் புத்தகங்கள் வரும்போது எங்கள் கடை இல்லை. இருந்திருந்தால் முன்வரிசையில் வைத்திருப்பேன்.

‘மாதொருபாகன்’ விவகாரத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அப்பாவின் மேசைக்கு வந்த அந்த நாலு பேர் கண்முன் வந்தார்கள். 2010-ல் வந்த பெருமாள்முருகனின் நாவல். திருச்செங்கோடு தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவு, பிள்ளையில்லாத பொன்னாவை அவள் குடும்பமே அனுப்பிவைக்கிறது, கணவன் காளியிடம் சொல்லாமல். 2014 கடைசியில் எதிர்ப்புக் கிளம்பி, புத்தகத்தைக் கொளுத்தி, 2015 ஜனவரி 12-ல் நாமக்கல் கலெக்டர் அலுவலகத்தில் பெருமாள்முருகனிடம் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். ஊர்ப் பெயர் வெளிப்படையாக வந்ததால் அந்த ஊர்ப் பெண்களை நாலு பேர் ஏளனமாகப் பார்ப்பார்கள் என்ற வருத்தத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். பக்கத்து ஊர்ப் பெண்ணுக்கு நேர்ந்ததைப் பார்த்தவள் நான். ஆனால் அவர் எந்த ஒரு வீட்டையும் சுட்டிக்காட்டவில்லை. தன் பாட்டன் காலத்து ஊரை எழுதினார். பிள்ளை இல்லை என்பதற்காகப் பொன்னா சுபகாரியங்களில் ஒதுக்கப்படுவதும் குத்திக்காட்டப்படுவதும் பக்கம் பக்கமாக வருகின்றன. மானம் போயிற்று என்று தெருவுக்கு வந்தவர்களை அந்தப் பக்கங்கள் ஒன்றும் செய்யவில்லை. 1966-ல் காரோட்டியை விட்டுவிட்டு அம்மாவைத் திட்டியதும் இதே கோபம்தான். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர்நீதிமன்றம் தடை கேட்ட மனுவைத் தள்ளியது, நாமக்கல்லில் வாங்கிய கையெழுத்து செல்லாது என்றது, பிடிக்காத புத்தகத்தைத் தூரப்போடுங்கள் என்றது. வேதநாயகம் பிள்ளை உட்கார்ந்த அதே நீதித்துறை சொன்ன தீர்ப்பு என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

கடையை மூடும்போது புத்தகங்களின் ஓரங்களைப் பார்த்தேன். பென்சிலில் குறிப்புகள். பெரும்பாலும் ‘அருமை’, ‘போர்’, பக்க எண்ணுக்குப் பக்கத்தில் பால் கணக்கு. ஆனால் வெங்கு மாமா வரும் பக்கங்களில் மட்டும் வெவ்வேறு கையெழுத்துகளில் கோடுகள், கேள்விக்குறிகள், ஓரிடத்தில் அழுத்தி எழுதி உடனே அடித்த ஒரு பெயர். தமிழ் வாசகியர் இந்தக் கதைகளை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அந்தப் பென்சில் கோடுகளைத் தவிர வேறு சாட்சியம் அநேகமாக இல்லை. கண்டனக் கடிதங்கள் அச்சில் இருக்கின்றன. இவை எங்கும் இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் அம்மாவோ பாட்டியோ பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடை போடுவதற்கு முன்னால் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஓரத்தில் எழுத்து இருந்தால் அழிக்காதீர்கள், பெயர் இருந்தால் ஊருக்குச் சொல்லாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த பழம்புத்தகங்களைக் கொண்டு உருவான ஆராய்ச்சி நூலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. அது போன்ற நல்ல நூலகம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், அங்கே சேர்த்துவிடுங்கள்.